பூசணிக்காய்களுக்கு நடுவே வைத்த கட்டு

அன்பான சகோதர சகோதரிகளே, "அடுத்த வாரம் வாய்யா" என்ற பேச்சு ஒரு மனிதனை ஜெபத்தைவிட்டே துரத்திவிடும். என்னைக் கிட்டத்தட்டத் துரத்திவிட்டது. அதிலிருந்து கர்த்தர் என்னை எப்படித் திருப்பினார் என்பதை எழுதுகிறேன்.

நான் தண்டையார்பேட்டைக் கிடங்கு ஒன்றில் கோணி தைக்கிறவன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் முன் வாய் திறந்தால் எனக்கு வியர்த்துவிடும். ஆனால் எழுத வரும். மூட்டை தூக்குமுன் சொல்ல ஒரு ஜெபம், கப்பலில் சரக்கு இறக்குகிறவனுக்கு ஒன்று, கட்டுமரம் திரும்பாத நாளில் கரையில் நிற்கிற மனைவிக்கு ஒன்று. இப்படிச் சில வருஷங்களாக எழுதிச் சேர்த்தேன். இது புத்தகமாகி அந்த ஜனங்களிடம் போய்ச் சேரவேண்டும். ஆண்டவரிடம் நான் கேட்டது அது ஒன்றுதான்.

எழுதிய தாள்களை ஒரு கட்டாகக் கட்டி, பட்டணத்தில் புத்தகம் போடுகிற ஒருவரிடம் கொடுத்தேன். வேறு பிரதி எடுத்துவைக்கவில்லை. அவர் கையில் தூக்கிப் பார்த்து, "பார்க்கலாம்" என்றார்.

பிறகு தொடங்கியது அலைச்சல். அரைநாள் கூலியை விட்டுவிட்டு டிராம் ஏறிப் போவேன். ஒரு தடவை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை பஞ்சாங்க வேலை நெருக்கடி. இன்னொரு தடவை அவர் என் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, குமாஸ்தா, "ஐயா இல்லை, அடுத்த வாரம் வாய்யா" என்றார். நானும் "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்! அந்த வெட்கம் என்னை வீடுவரை தின்றது.

கிடங்கில் மூட்டை சுமக்கிற ஏசடியான் விடமாட்டான். "இன்னா நைனா, பொஸ்தகம் பொறந்துச்சா? இன்னும் வலி கண்டுகினுதான் கீதா?" என்பான். நான் சிரித்துவிடுவேன். வீட்டில் முழங்காலில் நின்றால் அழுகைகூட வராது. எரிச்சல்தான் வரும். "ஆண்டவரே, நீரும் அடுத்த வாரம்தான் சொல்வீரா?" என்று கேட்டேன்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் மறுபடியும் போனேன். ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமலிருக்க என் தாள்கட்டை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். கோணிச் சணலால் நான் போட்டிருந்த முடிச்சு அப்படியே இருந்தது. ஒருவரும் அவிழ்க்கவே இல்லை. இத்தனை நாளும் நான் எதற்காகக் காத்திருந்தேன்? யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வயலே இல்லாத எங்கள் சபையிலும் அறுப்பின் பண்டிகை உண்டு. பூசணிக்காய், கோழி, கருவாடு என்று அவரவர் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்போம். நான் என் கட்டைப் பூசணிக்காய்களுக்கு நடுவே வைத்தேன். காணிக்கை என்று சொல்லமாட்டேன். கோபம். "நீரே வைத்துக்கொள்ளும், இனி நான் அலையமாட்டேன்" என்றேன்.

வைத்ததையெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள் என்பதை அந்தக் கோபத்தில் மறந்துபோனேன். ஏலம் போடுகிறவர் கட்டைத் தூக்கிக் காட்டி, "இது இன்னாபா, புளியா, வெல்லமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். போதகர் அதை வாங்கி, மேல் தாளில் நான் எழுதியிருந்த என் பெயரையும் தலைப்புகளையும் உரக்க வாசித்தார். 'கட்டுமரம் திரும்பாத நாளில்' என்றதும் சிரிப்பு நின்றது.

"அத்த எனக்குக் குடு" என்றார் காசிமேட்டில் மீன் விற்கிற செல்லம்மாள் சகோதரி.

அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. நேரே என்னிடம் வந்தார். "வாங்கனது நானு. படிக்க வேண்டியது நீ. காலைல கரைக்கு வா, அண்ணே."

"எனக்குக் கூச்சம்மா."

"மீனு வெட்டறவளுங்க உன்ன கடிச்சா துன்னுடுவாளுங்க? அவரு கடலுக்குப் போனா இன்னா சொல்லி ஜெபிக்கறதுன்னே தெரியாம நிக்கிறேன். வந்து படி."

போனேன். சகோதரி மீன் கத்தியால் முடிச்சை அறுத்தார். தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு வாசித்தேன். ஒரு பெண், "இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள். தினமும் வேலைக்கு முன் போனேன். மழைக்காலம் முடிவதற்குள் அவர்கள் நான் இல்லாமலே சொன்னார்கள். கிடங்கில் ஏசடியானும் ஒருநாள் என் ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே மூட்டையைத் தோளில் ஏற்றினான். அன்று என்னால் ஊசி கோக்க முடியவில்லை. கண்ணீர் மறைத்தது.

சேதி பட்டணத்துக்கும் எட்டிவிட்டது. அந்தக் குமாஸ்தா வெள்ளை வேட்டியோடு மீன் செதில்களுக்கு நடுவே வந்து நின்றார். "ஐயா உடனே அச்சுப்போடச் சொல்கிறார். பிரதியைக் கொடுங்கள்."

"அது என்னுடையதில்லைங்க. ஏலத்தில் போய்விட்டது" என்று சகோதரியைக் காட்டினேன்.

அவர் தலை நிமிராமல் வஞ்சிரம் வெட்டிக்கொண்டே, "இப்ப கைவேல கீது. அடுத்த வாரம் வா, நைனா" என்றார்.

குமாஸ்தா அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். பிறகுதான் கொடுத்தார் சகோதரி. புத்தகம் இப்போது அச்சாகி வந்திருக்கிறது. ஆனால் என் ஜெபத்துக்குப் பதில் அதற்கு முன்பே கரையில் கிடைத்துவிட்டது.

பதில் வராமல் மனம் கசந்திருப்பவர்களே, நல்ல மனம் வரட்டும் என்று காத்திராதேயுங்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடே கொண்டுபோய் அவர் முன் வையுங்கள். நான் அப்படித்தான் வைத்தேன். அவர் தள்ளவில்லை. அவருக்கே ஸ்தோத்திரம்.