அப்பாவின் டிஸ்க்கைப் பிரித்த நாள்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்தான் அப்பாவுக்கு வாய். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கை நடுக்கத்தில் பேனா நிற்காது. ஆனால் ஃபேக்டரி ஆபீஸில் தமிழ் டைப் அடித்தே காலம் தள்ளிய விரல்கள். நடுங்கினாலும் எழுத்துகள் இருக்கும் இடம் அவற்றுக்குத் தெரியும். அவர் அடிப்பார், நான் படித்துச் சொல்வேன், எழுத்தறியாத அம்மா பதில் சொல்வாள். சண்டைகூட அப்படித்தான் நடக்கும். நடுவில் நான் மத்தளம்.

அதே கம்ப்யூட்டரில், விண்டோஸைப் போலவே மெஷினை இயக்கும் லினக்ஸ் எனக்கு வேண்டியிருந்தது. அது தெரிந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வதாக அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி சொல்லியிருந்தது. அப்பாவின் விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் லினக்ஸைப் போட்டு ஓட்டலாம். ஆபத்தில்லை. ஆனால் எங்கள் மெஷினில் அது நகர்வதற்குள் பூந்தமல்லிக்கு நடந்தே போய்வந்துவிடலாம். ஒழுங்காகக் கற்க வேண்டுமென்றால் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் கரணம் தப்பினால் மரணம். உள்ளே இருப்பது மொத்தமும் போகும். விண்டோஸைத் திரும்பப் போட்டுவிடலாம். அப்பாவின் தமிழ் சாஃப்ட்வேரைப் போட முடியாது. அதன் ஃபிளாப்பியைப் போன மழைக்காலத்தில் பூஞ்சை தின்றுவிட்டது. நகலெடுத்தால் ஓடாத ரகம். விற்ற கடையும் இப்போது இல்லை.

கொஞ்ச காலம் அந்த ஃபோல்டரோடு மாரடித்துப் பார்த்தேன். பிறகு, விஜயதசமியன்று தொடங்கினால் விளங்கும் என்று, அன்றைக்கே பிரித்துவிட முடிவு செய்தேன்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அப்பாவுக்கு ஃபேக்டரி வழக்கம் விடாது. கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் பூஜை முடிகிறவரை ஒன்றையும் தொடக்கூடாது. சைக்கிள், தையல் மெஷின், அரிவாள்மனை எல்லாம் கூடத்துக்கு வந்தன. நான் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குழைத்தேன்.

"இன்னிக்கு இது தூங்கட்டும். நாளைக்கு டிஸ்க்கைப் பிரிச்சிடலாம்" என்றேன்.

அம்மா என் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அது இன்னா ஆயுதமாடா? அவரு வாயி. வாய்க்கு எவனாச்சும் பொட்டு வெச்சி மூடி வெப்பானா? பிரிக்கிறானாம்! பூட்ச்சின்னா யார்ரா திருப்பித் தருவா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பில்லை. பிரிக்கவே வேண்டாம், அந்த வேலையும் வேண்டாம் என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்தது. அவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன்.

அப்பா போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டினார். "வாய் என்னுது. நாளைக்குப் பிரி."

உரக்கப் படித்தேன். அம்மா அரிவாள்மனைக்குப் பொட்டு வைத்தாள்.

மறுநாள் பூஜை முடிந்ததும் அப்பா நாற்காலியை என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஃபைல்களை டிஸ்க்கின் ஒரு பக்கமாக ஒதுக்கவே மதியமாகிவிட்டது. திரையில் கலர் கட்டங்கள் இடம் மாறுவதை, புது ஆளிடம் மெஷினைக் கொடுத்துவிட்டு நிற்கும் சூப்பர்வைசர் மாதிரி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதும் போவதுமாக இருந்தாள்.

பிரித்தேன். காலியான பக்கத்தில் லினக்ஸைப் போட்டேன். திரும்பக் கிளப்பியபோது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கருப்புத் திரை கேட்டது. அப்பாவின் பக்கத்தைக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. டிஸ்க் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. பிறகு விண்டோஸ் வந்தது. தமிழும் வந்தது.

நான் எழுந்து இடம் விட்டேன். அப்பா உட்கார்ந்து, கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தட்டினார்.

"ரொம்ப பயந்துட்டேன்டா."

"இன்னா சொல்றாரு?" என்றாள் அம்மா.

"காபி கேக்குறாரும்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். காபி போடப் போகவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.