ஏழாம் லைனில் காலர் தைத்தவள்

வங்கதேசத்துப் பிரதமர் ஹெலிகாப்டரில் ஏறித் தப்பித்துப் போன செய்தி எங்கள் கேன்டீன் டிவியில் ஓடியபோது டீ நேரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி எங்களுடையது. நான் ஏழாம் லைனுக்கு சூப்பர்வைசர். டிவியில் ஜனங்கள் பிரதமர் வீட்டுக்குள் புகுந்து கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் நாற்காலியோடு போனான், இன்னொருவன் புடவைக்கட்டோடு. ஒருவன் கை நீளத்துக்கு ஒரு மீனைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே போனான்.

"பாரேன், இன்னிக்கு அவன் ஊட்ல மீன் கொயம்புதான்," என்றேன். மேஜையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் லைனில் காலர் தைப்பவள் மட்டும் டீயை அப்படியே வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள் மேற்கு வங்காளத்தில் கூச்பிகார் பக்கத்துப் பெண். புருஷனோடு இங்கே வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் குடோனில் மூட்டை தூக்கினான், லோடுமேன்களோடு பழகி நம்ம ஊர்த் தமிழையே பேசுவான். அவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். கம்பெனியில் அவள் பெயர் 'இந்திக்காரி'. அவளுக்கு இந்தி அரைகுறை என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வேலையில் மட்டும் அவளை அடிக்க ஆளில்லை. சட்டையில் கஷ்டமான இடம் காலர். துணியை ஒரு நூல் அளவு இழுத்துவிட்டால் போதும், கழுத்தில் சுருக்கம் விழும். அவள் உட்கார்த்திய காலர் செக்கிங்கிலிருந்து திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது தன் ஊர்க் கதையைச் சொன்னாள். அவள் பிறந்த கிராமம் நாலு பக்கமும் இந்தியா சூழ, நடுவில் ஒரு திட்டாக வங்கதேசத்துக்குச் சொந்தமாக இருந்ததாம். எல்லையின் அந்தப் பக்கம் நமக்கும் அதேபோல் திட்டுகள் இருந்தனவாம். பிறகு இரண்டு அரசாங்கமும் பேசி நிலத்தை மாற்றிக்கொண்டன. அவள் ஊர் இந்தியா ஆனது, அவளுக்கும் வாக்காளர் அட்டை வந்தது.

"நான் எங்கியும் போகலை அக்கா. நான் அங்கியே இருக்கு. நாடு மட்டும் போச்சு, வேற நாடு வந்துச்சு," என்று சிரித்தாள்.

அவளுடைய அக்காவை அதற்கு முன்பே டாக்கா பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த அக்காவும் அங்கே ஒரு சட்டைக் கம்பெனியில் தையல்காரிதான். "யார்கிட்டயும் சொல்லாதே அக்கா," என்றாள். சொல்ல மாட்டேன் என்று சொல்லி, அவள் டப்பாவிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பிரதமர் ஓடிப்போன அடுத்த வாரம் புரொடக்ஷன் மேனேஜர் எல்லோரையும் கட்டிங் மேஜையருகே கூடச் சொன்னார். திருப்பூர்க்காரர், மேஜைமேல் ஏறி நின்று பேசினார். "அங்க எல்லாம் நின்னு கெடக்குதுங்க. பாதி கம்பெனி தொறக்கல, சரக்கு கப்பலேறல. அந்த ஆர்டர்ல ஒரு பங்கு நமக்கு வந்திருக்குது. அவங்களுக்குக் கெட்ட நேரம், நமக்கு நல்ல நேரம்!" நாங்கள் கை தட்டினோம். ஆளுக்கு ஒரு மைசூர்பாகு கொடுத்தார்கள். அன்று மதியமே மணிக்கு அறுபது சட்டை என்றிருந்த டார்கெட் எண்பத்தைந்தானது.

எண்பத்தைந்தை எட்ட நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பாத்ரூம் போக லைனுக்கு ஒரே ஒரு அட்டை வைத்தேன். போனவள் அட்டையோடு திரும்பினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். அறுபது பேர், ஒரு அட்டை. பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். மேனேஜர் என் முதுகில் தட்டி, மற்ற லைன்களிலும் இதையே செய்யச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்குக் காலர் மெஷின் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, என் அக்கா பையன். காலேஜ் படிக்குது. பிரதமர் ஓடிப்போன அன்னிக்கு ஊர்வலம் போச்சு. போலீஸ் சுட்டாங்க. இத்தனை நாள் தேடுச்சு, இப்போ ஆஸ்பத்திரியில பொணம் கிடைச்சுது." பிறகு பத்து நாள் லீவு கேட்டாள். ஊரில் அவள் அம்மா தனியாக இருந்தாள். அக்கா வேலைக்குப் போன வருஷங்களில் அந்தப் பையன் பாட்டியிடம் வளர, இவள்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

அவள் முன்னால் காலர் கட்டுகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தன. அடுத்த மெஷின்காரி வேலையில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, உன் புள்ளையா செத்துச்சு? அக்கா புள்ளதான? ஷிப்மென்ட் போவட்டும், அப்பால ஊட்டுக்குப் போயி அழு."

இதைச் சொன்னது நான்தான். வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். அவள் மெஷினை மிதித்தாள். கண்ணீர் வெள்ளைத் துணியில் விழுந்தது. "பீஸ்ல கறை புடிக்கும், தொட்ச்சிகினு தை," என்று கழிவுத் துணி ஒன்றை அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வேறு ஒருத்தியை உட்கார வைத்ததில் காலர் எல்லாம் கோணிக்கொண்டு திரும்பி வந்தது. லைன் மணிக்கு நாற்பதுக்கு இறங்கியது. மேனேஜர் என்னை ஃப்ளோர் நடுவில் நிறுத்தினார். "ஒரு வடநாட்டுப் பொம்பளைய வேலைக்கு வர வெக்கத் தெரியல, நீ எல்லாம் என்ன சூப்பர்வைசரு? மறுபடியும் மெஷின்ல உக்கார வெக்கட்டுமா?" மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன, எல்லோருக்கும் கேட்டது. என் லைன் பெண்கள் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாத்ரூம் அட்டை வைத்தவளுக்கு யார் பரிதாபப்படுவார்கள்?

மூன்றாம் நாள் அவள் வந்து, காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். நான் அவளோடு பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஹெச்ஆர் பையன் ஒரு லிஸ்டோடு என்னிடம் வந்தான். "அக்கா, ஸ்டேஷன்ல கேட்டிருக்காங்க. வெளிமாநில ஆளுங்கள்ல யாராவது பார்டருக்கு அந்தப் பக்கத்து ஆளா இருப்பாங்களான்னு. சும்மா ஃபார்மாலிட்டிதான். உங்க லைன்ல எல்லாரும் ஓகேன்னு போட்டுடவா?"

போடு என்றிருந்தால் பேனாவை மூடிக்கொண்டு போயிருப்பான்.

"காலர்காரி அங்க பொறந்தவ. அவ அக்கா இன்னமும் அங்கதான் கீறா. டெய்லி போன்ல பேசிகினுதான் கீறா," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நாடுகள் நிலத்தை மாற்றிக்கொண்ட கதையை மட்டும் நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மதியம் இரண்டு பெண் போலீஸ் வந்தார்கள். புருஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவள் பதறி எழுந்தாள். அப்படியும் நூலை வெட்டிவிட்டு, மெஷினை அணைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். கதவருகே போய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மணிக்கு எத்தனை சட்டை என்று எழுதும் மணிக்கணக்குத் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் எப்படியோ விசாரித்து சேக்காட்டில் என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்த வந்து சொல்லுக்கா. மூணு வருசமா தெரியும், நல்ல பொண்ணுன்னு சொன்னா போதும். ஒரு கல்யாண மண்டபத்துல அடைச்சி வெச்சிகினு கீறாங்க. கார்டு காட்னா டுப்ளிகேட்டுன்றாங்க."

தேசிய கீதம் பாடச் சொன்னார்களாம். அது வங்காளப் பாட்டு, அவளுக்குத் தாய்மொழி. அவள் வீட்டில் பேசும் உச்சரிப்பிலேயே முழுக்கப் பாடியிருக்கிறாள். "பாத்தியா, அந்த நாட்டு ஸ்லாங்கு அப்டியே வருது," என்று சிரித்தார்களாம். இதைச் சொல்லும்போது அவன் அழுதான்.

"எங்க ஊட்டுக்காரர் ஊர்ல இல்லப்பா. ஆம்பள தொண இல்லாம ஸ்டேஷனுக்கெல்லாம் நான் வரமாட்டேன்," என்றேன். என் கணவர் உள்ளே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வாசல்வரை கேட்டது. நான் கதவைச் சாத்தும்வரை அவன் நின்றான்.

அவள் ஊரிலிருந்து காகிதங்கள் வந்து சேர்ந்து, இந்தியப் பிரஜைதான் என்று விட்டுவிட பத்தொன்பது நாள் ஆனது. அதற்குள் ஷிப்மென்ட் போய்விட்டது. எனக்கு ஃப்ளோர் இன்சார்ஜ் பதவி கிடைத்தது. மூன்று லைன் என் பொறுப்பு. அவளைத் திரும்பச் சேர்க்க வேண்டாம், தலைவலி என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். கேட்டில் போய்ச் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

இருவரும் வெயிலில் நின்றிருந்தார்கள். அவள் ரொம்பவும் மெலிந்திருந்தாள், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"இங்க வேலை இல்லம்மா," என்றேன்.

பிறந்த கதையை அவள் சொன்ன ஒரே ஆள் நான். அதனால் யார் சொல்லிக்கொடுத்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சத்தம் போடவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி அவள் மொழியில் பேச ஆரம்பித்தாள். நெடுநேரம் பேசினாள். நடுவில் இரண்டு முறை 'அக்கா' என்ற தமிழ் வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. முடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

"இன்னாப்பா சொல்லுது?" என்று அவனைக் கேட்டேன்.

"ஊருக்குப் போறோம்னு சொல்லுது."

"அதுக்கா இவ்ளோ நேரம் பேசிச்சு?"

"மீதி உனக்கு இன்னாத்துக்கு? தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போற?" என்று சொல்லிவிட்டு அவனும் அவள் பின்னால் போனான்.

வாட்ச்மேன் கேட்டைச் சாத்தலாமா என்று கேட்டார். சாத்தச் சொன்னேன். மூன்று லைனுக்கும் மணிக்கணக்கு எடுக்க நேரமாகிவிட்டிருந்தது. உள்ளே போனேன்.