மச்சாளின் பக்கற்றில் அழியாத திகதி

திருகோணமலைச் சந்தைக்குப் பக்கத்துக் கடையொன்றில் நின்று, என் கணவருடைய தங்கையின் கறித்தூள் பக்கற் ஒன்றை எடுத்து, அதில் அடித்திருந்த திகதியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அழியவில்லை. முதலாளி மறுபக்கம் திரும்பியதும் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அப்போதும் அசையவில்லை. உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, விலை எல்லாம் கறுப்பாக, ஒரே அளவாக, வரிசை குலையாமல் இருந்தன.

நான் சல்லிக் கிராமத்தில் வீட்டோடு ஒரு கொட்டில் போட்டு, இரண்டு பெண்களை வைத்துக் கருவாடு பொதி செய்கிறேன். திகதியை றப்பர் முத்திரையால்தான் குத்துவோம். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி அழிந்துவிடும். அன்று முதலாளி அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, உங்கட மச்சாள்ட சாமானைப் பாருங்கோ, எவ்வளவு வடிவா அடிச்சிருக்கிறா. பரிசோதகர் வந்து கேட்டால் உங்கடதைக் காட்ட ஏலாது."

"ஓம், பாப்பம்" என்றேன். காது சுட்டது.

மச்சாள் எனக்கு இரண்டு வருடம் பிந்தித் தொழில் தொடங்கியவள். பை எங்கே வாங்குவது, வாயை எப்படிச் சூடு வைத்து ஒட்டுவது எல்லாம் என்னிடம் கேட்டுத்தான் பழகினாள். அவள் திகதி அடிக்கும் மெசின் வாங்கியதை மட்டும் எனக்குச் சொல்லவில்லை. கடையில் பார்த்துத்தான் அறிந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "அவளிட்டக் கேட்டு அதே மெசினை எடுமன்" என்றார்.

"நான் ஏன் அவளிட்டக் கேக்க வேணும்?"

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார்.

கொழும்பில் இந்த மெசின்கள் விற்கும் இடமொன்றுக்கு நானே ஃபோன் எடுத்தேன். பேசியவர் பொறுமையான ஆள். இரண்டு வகை இருப்பதாக விளங்கப்படுத்தினார். ஒன்று கையில் பிடித்துப் பக்கற்றின் மேல் இழுப்பது. மற்றது மேசையில் பொருத்துவது, பக்கற்றுகள் பெல்டில் ஓடிவந்து அதன் கீழே போகும்.

"ஒரு நாளைக்கு எத்தனை பக்கற் அடிப்பீங்கள்?"

இருநூறு என்று சொல்ல வேண்டிய வாய் ஆயிரம் என்றது. மச்சாளிடம் இருப்பது கையால் இழுப்பது என்று விசாரித்து வைத்திருந்தேன். ஆகவே எனக்கு அது வேண்டாம்.

"பிளாஸ்டிக் பை எண்டால் கெதியாக் காயிற மை வேணும். மற்ற மை கடதாசிப் பெட்டிக்குத்தான் சரி" என்றார். "சாமான் போட்ட பக்கற் நாலைஞ்சு அனுப்பி விடுங்கோ. அடிச்சுப் பாத்துச் சொல்லுறன்."

நான் வெறும் பைகளை அனுப்பினேன். துண்டுகள் முட்டிக்கொண்டு நிற்கும் என் கருவாட்டுப் பக்கற்றைக் கொழும்பில் ஒருவர் மேசையில் வைத்துப் பார்ப்பதை நினைக்க வெட்கமாக இருந்தது. பைகள் அச்சடித்துத் திரும்பி வந்தன. மச்சாளுடையதைவிட எழுத்துக் கொஞ்சம் பெரிது. அது போதுமாயிருந்தது எனக்கு. பெல்ட் மெசினையே எடுத்தேன்.

மெசின் வந்த முதல் நாளே காரியம் சிரிப்பாய்ச் சிரித்தது. கருவாட்டுத் துண்டு மேடாக நின்ற இடத்தில் பக்கற் இடித்து நின்றது. பள்ளமான இடத்தில் எழுத்துக் கலங்கியது. பையின் வெளியே மீனெண்ணெய் பட்டிருந்த இடத்தில் மை ஒட்டாமல் கையோடு வந்தது. கொழும்புக்காரர் ஃபோனில், "மை அடிக்கிற தலைக்கும் பக்கற்றுக்கும் இரண்டு மூண்டு மில்லிமீற்றர்தான் இடைவெளி இருக்கலாம், அக்கா. அதுக்குத்தானே சாமான் போட்டதைக் கேட்டனான்?" என்றார். ஃபோனை வைத்துவிட்டேன்.

கணவர் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாள் மச்சாள் சைக்கிளில் வந்திறங்கினாள். மெசினைச் சுற்றிப் பார்த்தாள்.

"மச்சாள், முதல் வெறும் பையில அடியுங்கோ. பிறகு கருவாட்டைப் போட்டு ஒட்டுங்கோ. நானும் தூளைப் போட்டிட்டு அடிச்சு நாலு நாள் அழுதனான்."

வெறும் பையை அவளே பெல்டில் வைத்தாள். எழுத்து கண்ணாடி மாதிரி விழுந்தது. எனக்கு நன்றி வரவில்லை. மெசின் என்னுடையது, அதற்கு வழி சொல்பவள் அவள் என்பதுதான் வந்தது.

சித்திரை வருடப்பிறப்பு நெருங்கிய நேரத்தில் அவளுடைய மெசினில் மை அடைத்துக்கொண்டது. புது மை கொழும்பிலிருந்து வர மூன்று நாள். கடைக்காரர்கள் நெருக்க, முந்நூறு வெறும் பைகளோடு என்னிடம் வந்தாள்.

"அடிச்சுத் தருவீங்களோ, மச்சாள்? நான் போய் மிளகாயை வறுத்திட்டு ஓடியாறன்."

"வைச்சிட்டுப் போங்கோ."

அவள் போனதும் மெசின் திரைக்கு முன்னால் இருந்து அவளுடைய திகதிகளைத் தட்டினேன். முடிவுத் திகதியில் வருடத்தை வேண்டுமென்றே இரண்டு குறைத்தேன். கடைக்கு வரும்போதே காலாவதியான தூள். பெல்டை ஓடவிட்டேன். கை நிற்கவில்லை.

பைகளை அடுக்கிக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, இது போன வருசமெல்லே?"

"ஓம்... பிழைச்சுப் போச்சு" என்று பெல்டை நிறுத்தினேன். பன்னிரண்டு பைகள் போயிருந்தன. அவள் பார்த்திராவிட்டால் நான் நிறுத்தியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவற்றைக் கத்தரித்து அடுப்பில் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சரியாக அடித்தேன். ஒவ்வொன்றையும் எடுத்து வாசித்தேன்.

மச்சாள் மிளகாய் நெடியோடு வந்தாள். பன்னிரண்டு பழுதாகிவிட்டதென்று சொன்னேன்.

"அதுக்கென்ன, நான் முதல் நாள் அம்பது பழுதாக்கினனான்" என்று சிரித்து, என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். பிடித்த இடத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்ததை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்னும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் ஃபோன் எடுத்தாள். வேலை கூடிவிட்டதாம், தானும் பெல்ட் மெசின் எடுக்கப் போகிறாளாம். "உங்கடதுதான் நல்லம், மச்சாள். அந்தக் கொழும்புக்காரர்ட நம்பரை ஒருக்கா அனுப்பி விடுங்கோ."

அனுப்புகிறேன் என்றேன். அனுப்ப எனக்கு இரண்டு நாள் எடுத்தது.