உலகம்மை போடாத கையெழுத்து

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் உலகம்மைக்கு ஒரு துணிக்கடை. மாற்றுத்துணி கொண்டுவராமல் அருவியில் இறங்கிவிடுகிறவர்கள்தான் அவள் பிழைப்பு. துண்டு, நைட்டி, டவுசர் எல்லாம் அவளே தைத்துத் தொங்கவிடுவாள். புருஷன் இறந்து ஆறு வருஷம். யார் தயவிலும் நிற்காமல் மகள் வடிவாம்பாளை ஏழாவது படிக்க வைக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம் என்று கடைத்தெருவில் பேர்; அவளும் அதை மறுத்ததில்லை.

இந்தச் சீசனில் ஒரு நாள் வடிவு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். உலகம்மை விடாமல் கேட்டாள். கடைசியில் போனை எடுத்து நீட்டினாள். அருவியில் பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருக்கிற வடிவு, சினிமாப் பாட்டோடு. மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே ஆண்கள் எழுதியிருந்ததை உலகம்மையால் நாலு வரிக்கு மேல் படிக்க முடியவில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளை!

போட்டவன் விஜய்பாண்டி, தென்காசியில் யூடியூப் சேனல் நடத்துகிறவன். நேரே அவன் ஆபீசுக்கே போனாள்.

"யக்கா, அது பொது இடம். எடுக்கதுக்கு எனக்கு உரிமை இருக்கு. பேச்சுரிமைன்னு கேள்விப்பட்டிருக்கியளா?"

"உன் பேச்சு உன் வாயில இருக்குலே, எம்மவ உடம்புல இல்ல. இப்பவே எடுக்கியா, போலீசுக்குப் போகட்டா?"

"போனா உங்க பிள்ளை பேருதான் கெடும்."

சொந்தக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். "தப்பு செஞ்சவன் நிமிந்து நடக்கான், நாங்க எதுக்குப் பம்மணும்?" என்று கேட்டுவிட்டு, சைபர் கிரைம் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தாள். அங்கிருந்த பெண் எஸ்.ஐ. எந்தச் சட்டத்தில் வழக்கு வரும் என்று பொறுமையாக விளக்கினார், பிள்ளையின் பெயர் வெளியே வராது என்றும் சொன்னார். மூன்றாம் நாள் வீடியோ போய்விட்டது. விஜய்பாண்டி மேல் வழக்கும் பதிவானது. அடுத்த வாரம் வடிவு சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினாள்.

விஷயம் அதோடு முடியவில்லை. வியாபாரிகள் சங்கத் தலைவர் சிவனணைந்தபெருமாள் கடைக்கு வந்தார். லாட்ஜ் முதலாளி. அவர் லாட்ஜுக்கு டவல் தைத்துத்தான் சீசன் இல்லாத மாதங்களை உலகம்மை ஓட்டுகிறாள்.

"பிள்ளைங்க பாதுகாப்புக்கு கலெக்டர்ட்ட மனு குடுக்கோம் தாயி. முத கையெழுத்து நீதான் போடணும்."

பேனாவை வாங்கியவள் மனுவை முழுக்கப் படித்தாள். பெண்கள் குளிக்கிற பக்கம் யாரும் படம் எடுக்கக் கூடாது, அங்கே பெண் போலீஸ் நிற்க வேண்டும் என்ற முதல் இரண்டு பத்தி அவள் மனசில் இருந்ததுதான். மூன்றாவது பத்தியில், சங்கத்தின் அனுமதி இல்லாமல் குற்றாலத்தில் யாரும் வீடியோ எடுக்கக் கூடாது, ஊர்ப் பெயரைக் கெடுக்கிற வீடியோக்களை நீக்க வேண்டும் என்றிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. போன மாதம்தான் ஜாய் என்கிற காலேஜ் பெண், தலைவரின் லாட்ஜ் கழிவுநீர் ஓடையில் கலப்பதை வீடியோ எடுத்துப் போட்டிருந்தாள்.

"அண்ணாச்சி, சாக்கடையக் காட்டினா எந்தப் பிள்ளைக்குக் கேடு?"

"ஊரு மானம் போகுதுல்லா?"

"எம்மவளுக்காக நான் ஸ்டேஷன் ஏறினேன். அத வச்சு நீங்க உங்க சாக்கடைய மறைக்கப் பாக்குதிய. மூணாவது பத்திய அடிங்க, போடுதேன்."

அவர் அடிக்கவில்லை. "டவலுக்கு வேற ஆளு பாத்துக்கிடுதேன்" என்றார்.

"பாத்துக்கிடுங்க."

வடிவின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, முதல் இரண்டு விஷயத்தை மட்டும் தன் கையெழுத்தில் எழுதினாள் உலகம்மை. கடை கடையாக ஏறினாள். பலர் தலைவருக்குப் பயந்து நழுவினார்கள். ஏழு பேர் போட்டார்கள். திங்கட்கிழமை மனுநாளில் தென்காசி கலெக்டர் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றால், முன்னால் சிவனணைந்தபெருமாள் முப்பது கையெழுத்தோடு நின்றார்.

"ரெண்டும் ஒரே ஊரா?" என்று கேட்டார் மனு வாங்கிய அதிகாரி.

"ஊரு ஒண்ணுதான் சார். மனுதான் வேற" என்றாள் உலகம்மை.

டவல் ஆர்டர் திரும்பி வரவில்லை. இப்போது அச்சன்புதூர்ப் பக்கம் இரண்டு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைக்கிறாள். கூலி கம்மி, வேலை அதிகம். ஜாய் போட்ட வீடியோ இன்னும் இருக்கிறது. விஜய்பாண்டி சமாதானம் பேச இரண்டு முறை ஆள் அனுப்பினான். வாய்தா தேதியைச் சொல்லி, கோர்ட்டில் வந்து பேசச் சொல்லிவிட்டாள்.