சக்கர நாற்காலியின் உயரத்தில் திருகோணமலைத் துறைமுகம்

ஆவணி விடுமுறையில் மட்டக்களப்பிலிருந்து கிண்ணியாவுக்குப் போனேன். அங்கே என் கல்லூரித் தோழி நஸீரா இருக்கிறாள். முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு அவளுக்குச் சக்கர நாற்காலிதான். ஒரு வருடமாக ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போனதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்க்க ஆசைப்பட்டாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

“ஆராவது என்னைத் தூக்கினா, அதோட வீட்டுக்குத் திரும்பிடுவன். பிறகு எங்கயும் கூப்பிடாத.”

நான் கணினி கற்பிப்பவள். என் மாணவர்கள் துறைமுகக் கரையைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாகச் செய்திருந்தார்கள். கண்ணில் மாட்டும் கருவி எதுவும் வேண்டாம்; மடிக்கணினித் திரையும் மவுஸும் போதும். முதல்நாள் பின்னேரம் அதைத் திறந்து, பறக்கும் முறையில் கூரைகளுக்கு மேலாகப் போய், கடல் பார்க்கும் மேடையில் அரை நிமிடத்தில் இறங்கினேன். “லேசான வழி,” என்றேன்.

“என்ட உயரத்துக்கு இறக்கு புள்ள,” என்றாள். பார்வையின் உயரத்தை நிற்பவரின் கண்ணிலிருந்து உட்கார்ந்தவரின் கண்ணுக்குக் குறைத்தேன். உடனே மதில் கடலை மறைத்தது. அவள் நடக்கும் முறைக்கு மாற்றி, மவுஸால் இடமும் வலமும் பார்த்தபடி தெருத்தெருவாக ஊர்ந்தாள். நான் குசினியில் அவளுடைய உம்மாவோடு மீன் பொரிக்கப் போய்விட்டேன்.

அடுத்த நாள் காலை ஒன்பதுக்கு ரியாஸ் நானாவின் ஓட்டோ வந்தது. பாலம் வழியாக நகரத்துக்கு ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். காத்திருந்து திரும்பிவர நாலாயிரம் ரூபா. நஸீரா ஒரு பலகையில் சறுக்கித் தானே ஏறிக்கொண்டாள்; நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தோம்.

மேடைக்கு முன்னால் மூன்று படிகள் இருந்தன. மாதிரியிலும் இருந்திருக்கும். ஆனால் எதிலும் முட்டாமல் ஊடுருவிப் போகவிடும் அமைப்பை நான் மாற்றாமல் விட்டதால், திரையில் அவை யாரையும் தடுக்கவில்லை.

“மூணு படிதானே தங்கச்சி. நானும் டீச்சரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சா...”

“மூட்டை ஏத்திப் பழகின கை நானா உங்கட. நான் மூட்டை இல்ல.”

அவர் சிரித்துக்கொண்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நஸீரா நாற்காலியைப் படிகளிலிருந்து பின்னுக்கு உருட்டினாள். பயணம் முடிந்தது என்றே நினைத்தேன்.

“வலப்பக்கம் தள்ளு,” என்றாள் கொஞ்சம் கழித்து. “அந்த மீன்வாடிக் கொட்டிலுக்குப் பின்னால வள்ளம் இழுக்கிற சரிவு ஒண்டு இருக்கு.”

“உனக்கெப்பிடித் தெரியும்?”

“நீ பறந்தாய். நான் ரோட்டாலதானே போனனான்.”

சரிவு இருந்தது, ஈரமாக. வலை தட்டிக்கொண்டிருந்த ஒருவர், நாங்கள் கேட்காமலே கயிற்றை ஒதுக்கி வழிவிட்டார். நாற்காலியைப் பின்புறமாக மெல்ல இறக்கினேன். ரியாஸ் நானா கைகளை நீட்டியபடி, எதையும் தொடாமல், கூடவே வந்தார். கீழே திருப்பி நிறுத்தியபோது முன்னால் மதில் இல்லை. தண்ணீரும் ஒரு கப்பலும் அக்கரைப் பச்சைக் குன்றுகளும்தான். வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தோம்.

இப்படி ஒருவரை அழைத்துப் போகிறவர்களுக்கு: திரையில் பறக்காதீர்கள், நடந்து பாருங்கள். பார்வையைப் போகிறவரின் கண் உயரத்துக்கு இறக்குங்கள். சுவரும் படியும் தடுக்கும்படி அமைப்பை மாற்றுங்கள். மவுஸை அவரிடமே கொடுங்கள். ஈரமும் வழுக்கலும் திரையில் தெரியாது. அதற்கு நல்ல ஓட்டோக்காரர் வேண்டும்.

யாரும் படம்பிடிக்காத அந்த வள்ளச் சரிவையும் விடாமல் செய்து வைத்த என் மாணவர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். கூடவே ஒரு வேலையும் சொல்ல வேண்டியிருந்தது: நஸீரா இப்போது மூதூர்க் கரையையும் கேட்கிறாள்.