பெர்லினிலிருந்து வந்த பறை

இன்று அரியாங்குப்பம் ஸ்டுடியோவில் நான் இசையமைக்கும் ஒரு கல்யாணப் பாட்டுக்கு ரெக்கார்டிங். கிருமாம்பாக்கத்திலிருந்து என் மாமாவை அழைத்துப் போய், அவர் அடித்த பறையைப் பழைய சிந்தசைசர் வழியாக விட்டு, ஒலியைக் கொஞ்சம் மாற்றிப் பதிவு செய்தேன்.

தயாரிப்பாளர் கேட்டுவிட்டுத் துள்ளினார். "இன்னா சவுண்டுபா இது! எந்த நாட்டு மிஷினு?"

"மாமா அடிச்ச பறை சார்."

முகம் சுருங்கியது. "கல்யாணப் பாட்டுல சாவு மோளமா? எட்த்துடு. ஃபாரின் சவுண்டா எதுனா போடு."

அதே பதிவுக்கு 'பெர்லின்' என்று பெயர் மாற்றி, பத்து நிமிடம் கழித்துப் போட்டேன்.

"இதாம்பா வேணும்!" என்றார்.

வெளியே உட்கார்ந்திருந்த மாமா, "சாருக்குப் புடிச்சிதாடா?" என்று கேட்டார்.

"ரொம்பப் புடிச்சிது மாமா."



உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இந்தப் பாட்டு ஓடும்போது, அது பறை என்று சொல்லிவிட்டு ஆடுங்கள் பார்ப்போம்.