தொரேக்காவிடம் யாரும் கேட்கவில்லை

எங்கள் அபையாங் தீவில் தொரேக்காவும் ரூத்தாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தாய்வழித் தாத்தாவின் தென்னந்தோப்பில் இருவருக்கும் பாதிப் பாதி. ஆனால் கையில் காசு வந்தால் அக்கா ஒரு விதம், தங்கை ஒரு விதம்.

கொப்பரை விற்ற காசோடு தங்கை ரூத்தா கடைக்குப் போனால் நாலு பேர் கூடவே போவார்கள். ஒருத்திக்கு அரிசி, ஒருவருக்குப் புகையிலை, கொழுந்தனுக்குத் தூண்டில் நரம்பு. சொந்தக்காரர் வாய்விட்டுக் கேட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது. அப்படிக் கேட்பதற்குப் புபுசி என்று பேர். மறுத்தவள் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. பொழுது சாயும்போது ரூத்தாவுக்கு மிஞ்சுவது ஒரு டின் இறைச்சி. அதிலும் பாதி அக்காவுக்குப் போகும்.

தொரேக்காவின் புருஷனுக்கு அயல்நாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை. மாதாமாதம் பணம் வரும். சிமென்ட் சுவர், தகரக் கூரை, மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு தொட்டி, இதுதான் அவள் ஆசை. கேட்டால் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் வீடு எழும்பாது. அதனால் யாருக்கும் கேட்கவே தோன்றாதபடி வாழ்ந்துவந்தாள். தலைநகர்த் தீவான தராவாவுக்குப் போய் வங்கியில் பணத்தைப் போட்டுவிட்டு, கிழிந்த துணியோடு படகிலிருந்து இறங்குவாள்.

"கம்பெனிக்காரன் இந்தத் தடவையும் சம்பளத்தை நிறுத்திட்டான்" என்பாள்.

"உன் புருஷன் கப்பல்லதான் போனானா, இல்ல திமிங்கலம் முழுங்கிருச்சா?" என்று ரூத்தா சிரித்துக்கொண்டே மீனை வைத்துவிட்டுப் போவாள். ஆறு வருஷம் தொரேக்கா அந்த மீனை வாங்கித் தின்றாள்.

ஏழாம் வருஷம் ரூத்தாவின் காலில் சிப்பி கிழித்தது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. நோனி இலை வைத்துக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நொண்டி வந்தாள்.

"தராவா ஆஸ்பத்திரிக்கு உடனே போன்னு நர்ஸம்மா சொல்றாங்கக்கா. படகுக் கூலி, அங்க தங்குற செலவு..." என்று இழுத்தாள்.

"எப்பப் போற?"

ரூத்தா அக்காவின் துணியில் இருந்த கிழிசலைப் பார்த்தாள். "மழை விட்டுக் கொப்பரை காயட்டும். ஒரு மாசம் ஆகும். ஆமா, உன்கிட்ட அரிசி இருக்கா? கொஞ்சம் அனுப்பவா?"

கேட்டால் கொடுத்துவிடலாம் என்றுதான் தொரேக்கா இருந்தாள். தங்கை கேட்கவில்லை. அவள் வாசல் தாண்டிப் போனதும் தொரேக்காவுக்கு நிம்மதியாக ஒரு பெருமூச்சு வந்தது. அந்தப் பெருமூச்சைத்தான் பிறகு அவளால் மறக்க முடியவில்லை.

அந்த மாசம் யார் வீட்டிலும் காசில்லை. ஐந்தாவது வாரம் ரூத்தாவுக்குக் காய்ச்சல் கண்டதும், அவளிடம் புகையிலை வாங்கியவர், அரிசி வாங்கியவள் எல்லோரும் ஆளுக்கு இரண்டு டாலர், மூன்று டாலர் போட்டுப் படகேற்றினார்கள். தொரேக்கா வீட்டுப் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. "பாவம், அவளே இல்லாதவ" என்றார்கள். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

ரூத்தா திரும்பிய அன்று தொரேக்கா கரையில் நின்றாள். படகுக்காரன் தூரத்திலேயே சத்தம் போட்டான்.

"தொரேக்கா! உன் சிமென்ட் நாப்பது மூட்டை, தகரம், தொட்டி எல்லாம் வந்திருக்கு. எங்க இறக்கணும்?"

மூன்று மாசத்துக்கு முன்பே சொல்லிவைத்த சரக்கு. இப்படியா வந்து சேர வேண்டும்? அந்த மூட்டைகளின் மேல்தான் ரூத்தா உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் அவளைத் தூக்கி இறக்கினார்கள்.

"உன்னோடதாக்கா?"

தொரேக்கா தன் துணியின் கிழிசலைக் கையால் மூடிக்கொண்டாள்.

"கெட்டியா கட்டு" என்றாள் ரூத்தா. அதோடு சரி. சண்டையில்லை, அழுகையில்லை.

வீடு எழும்பி நாலு வருஷமாகிறது. தொட்டி நிரம்பி மணலில் வழிகிறது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தாலும் ஊரார் அதையேதான் இறைக்கிறார்கள். ரூத்தா கட்டைகளை ஊன்றிக்கொண்டு அந்த வாசல் வழியாகக் கடைக்குப் போவாள். தொரேக்கா எழுந்து வருவாள்.

"எங்கடி போற?"

"தீப்பெட்டி வாங்க."

"எங்கிட்ட இருக்குடி. ஒரு வார்த்தை கேளேன்."

"இருக்கட்டும்க்கா. கடை பக்கந்தானே."

கடை அங்கிருந்து முக்கால் மைல்.